கடிதத்தில் நான் எழுதாத மருந்து

எங்கள் ஊரில் எனக்குக் கைராசிக்காரர் என்று பெயர். கையில் ஒன்றும் இல்லை. ராசியெல்லாம் 2 மில்லி டெக்சாமெத்தசோன் குப்பியில் இருந்தது. காய்ச்சல், உடம்புவலி, தொண்டைக்கட்டு, மூட்டுவலி என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், வலி ஊசியோடு அதிலிருந்து ஒரு மில்லி உறிஞ்சி இடுப்பில் போட்டு அனுப்புவேன். காலையில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்தவர் சாயங்காலம் பேக்கரியில் நின்று, “ஒரே ஊசிதானுங்க, உடம்பு காத்தாட்டம் ஆயிருச்சு” என்பார். அதைக் கேட்டவர்கள் மறுநாள் வருவார்கள்.

கொங்குப் பக்கத்துத் தறி ஊர் இது. ஒருநாள் தறி நின்றால் அன்றைய கூலி போயிற்று. “நாளைக்கு வேலைக்குப் போகோணுங்க” என்று கேட்பவரிடம், இது வைரஸ் காய்ச்சல், நாலைந்து நாளில் தானே வடியும் என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு நேராக எதிர்த் தெரு டாக்டரிடம் போவார். நெடுங்காலம் இதைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிவந்தேன். எதிர்த் தெரு டாக்டரும் என்னைக் காட்டி இதையேதான் சொல்லியிருப்பார்.

ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். கேட்கச் சிறியதாக இருக்கும். உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசாலோடு (மருந்தாக வந்தால் அதன் பெயர் ஹைட்ரோகார்ட்டிசோன்) ஒப்பிட்டால் டெக்சா ஏறத்தாழ 25 மடங்கு வீரியம் உள்ளது. அந்த ஒரு மில்லி 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்குச் சமம். அட்ரீனல் சுரப்பி பல நாட்களில் சுரப்பதை ஒரே குத்தில் ஏற்றினேன். அது வைரஸைக் கொல்லாது, பாக்டீரியாவைத் தொடாது. காய்ச்சலையும் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் நம் உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்கும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனக்கு வித்தியாசம் தெரியும். தெரியாமல் செய்தவன் என்றால் இதை எழுதவே தேவை இருந்திருக்காது.

மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பிடித்த பாடம் பேத்தாலஜி. அதிலும் வீக்கம் பற்றிய முதல் அத்தியாயம். 1867-ல் பெர்லினில் யூலியஸ் கோன்ஹைம் என்ற இளைஞர், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை விரித்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சவ்வு காற்றுப்பட்டு எரிச்சலடைந்ததும் நுண்சிரைகளில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. சிவப்பணுக்கள் நடு ஓடையில் போய்க்கொண்டே இருக்க, வெள்ளணுக்கள் மட்டும் ஓரம் ஒதுங்கிச் சுவரோடு உருண்டு, ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன. உள்சுவர் முழுக்கக் கல் பதித்ததுபோல் அவை படிந்துவிட்டதால் ‘பேவ்மென்டிங்’ என்ற பெயர் இன்றும் பாடத்தில் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சுவரைத் துளைத்து வெளியே போகின்றன. சீழில் இருப்பவை இவைதான் என்றார் கோன்ஹைம். அவருடைய குருநாதர் ஃபிர்ஹோ, சீழ்ச் செல்கள் அந்தந்த இடத்துத் திசுவிலேயே பிறக்கின்றன என்று சொல்லிவந்தவர். குருவின் ஆய்விதழிலேயே சிஷ்யர் அதை மறுத்து எழுதினார். பிரான்ஸில் டூட்ரோஷேயும் இங்கிலாந்தில் அகஸ்டஸ் வாலரும் அதற்கு முன்பே இதைக் கண்டு எழுதியிருந்தார்கள், அதைக் கேட்க ஆள் இல்லை.

அந்த ‘ஒட்டுதல்’ எப்படி நடக்கிறது என்பது பின்னும் நூறாண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பசி மறந்துபோனது நினைவிருக்கிறது. நுண்சிரையில் ரத்தம் நொடிக்கு நூற்றுக்கணக்கான மைக்ரான் வேகத்தில் ஓடுகிறது. அதில் அடித்துச் செல்லப்படும் நியூட்ரோபில் என்ற வெள்ளணு, காயம்பட்ட இடம் வந்ததும் இறங்கியாக வேண்டும். ஓடும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கம்பியைப் பிடித்தபடி நாலடி ஓடித்தானே நிற்கிறார், அதுபோலத்தான் இதுவும். முதல் பிடி லேசானது. சுவரின் செல்கள் நீட்டும் செலக்டின் என்ற புரதம் வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைத் தொடுகிறது, விடுகிறது, மறுபடி தொடுகிறது. இதனால் வெள்ளணு நிற்காமல் உருள்கிறது. வேகம் பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

செலக்டினிலும் வகை உண்டு. பி-செலக்டின் சுவர்ச் செல்லுக்குள் வைபல்-பலாடே உறைகளில் முன்பே தயாராக இருக்கும். ஹிஸ்டமின் பட்ட சில நிமிடங்களில் வெளியே வரும். ஈ-செலக்டின் புதிதாகச் செய்யப்பட வேண்டியது, சில மணி நேரம் ஆகும். உருளும்போதே சுவரில் ஒட்டியிருக்கும் கெமோகைன் சமிக்ஞைகளை வெள்ளணு நுகர்கிறது. நுகர்ந்ததும் அதன் மேல் மடங்கிக் கிடக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் நிமிர்ந்து விரிந்து, சுவரின் ஐகேம்-1 என்ற புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அப்போதுதான் வெள்ளணு நிற்கும். 1991-ல் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் ஆய்வகத்தில், உருளச் செலக்டின், நிற்க இன்டெக்ரின், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது என்று பிரித்துக் காட்டினார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. செலக்டின் பிடி, ஓரளவு வரை இழுக்க இழுக்க இறுகும். ரத்தம் ஓடினால்தான் இது பிடிக்கும். ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் உருளும் அணுக்கள் சில நேரம் கழன்றுவிடுகின்றன.

இதையெல்லாம் எங்கள் வட்டாரத்து மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். இரவு உணவு ஒரு மருந்துக் கம்பெனி செலவு. இன்டெக்ரினின் பாதியான சிடி-18 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். மிக அரிய நோய், லட்சக்கணக்கான பிரசவங்களில் ஒன்று. சாதாரணமாக ஓரிரு வாரத்தில் உதிரும் தொப்புள்கொடி இந்தக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் ஆகியும் உதிராது. காயம் ஆறாது. ரத்தத்தில் வெள்ளணுக் கவுண்ட் சாதாரணத்தைவிடப் பல மடங்கு ஏறிக் கிடக்கும், காயத்தில் ஒரு சொட்டுச் சீழ் இருக்காது. அணுக்கள் வேண்டிய மட்டும் உண்டு. சுவரைப் பிடிக்கக் கை இல்லை. இதன் இரண்டாம் வகையை 1992-ல் இஸ்ரேலில் எட்சியோனி குழுவினர் விவரித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்க முடியாததால் செலக்டினுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதே சர்க்கரை ரத்த வகையின் அடிப்படையிலும் இருப்பதால் அவர்களுடைய ரத்தம் ‘பாம்பே’ வகையாக இருக்கிறது. 1952-ல் பம்பாயில் பெண்டேயும் தோழர்களும் கண்டுபிடித்த அதே வகை. இந்த இடத்தில் கைதட்டினார்கள். மறுநாள் காலை க்ளினிக் திறந்து, முதல் காய்ச்சல்காரருக்கு டெக்சா போட்டேன்.

டெக்சா செய்வது இந்தக் கைகளைக் குறைக்கும் வேலை. சுவர்ச் செல்லுக்குள் அபாயச் செய்தியை மரபணு வரை எடுத்துப்போகும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அது அடக்குகிறது. ஈ-செலக்டினும் ஐகேமும் போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. வெள்ளணுவின் மேலிருக்கும் எல்-செலக்டினும் குறைகிறது. சிடி-18 இல்லாத குழந்தையின் நிலையோடு இதை அளவில் ஒப்பிட முடியாது. டெக்சாவின் பிடியிழப்பு பாதிதான், தற்காலிகமானதும்கூட. ஆனால் திசை ஒன்றே. அணுக்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ரத்தத்தோடு போய்க்கொண்டே இருக்கும்.

இதில் நான் அடித்த கொள்ளை ஒன்று உண்டு. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. ரத்த நாளங்களில் இருக்கும் நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி, எந்நேரமும் சுவரோரம் ஒதுங்கியே இருக்கின்றன. கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் அந்தப் பாதி வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாதியைத்தான் லேப் எண்ணுகிறது. மாடிப்படி ஓடி ஏறினாலும், குழந்தை வீறிட்டு அழுதாலும் அட்ரினலின் அந்த ஓரத்து அணுக்களைத் தள்ளிவிட, கவுண்ட் சற்று ஏறும். டெக்சா போட்ட நாலைந்து மணி நேரத்தில் சில ஆயிரம் ஏறும். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும். ஆக, காலையில் டெக்சா போடுவேன். காய்ச்சல் விட்டு மறுநாள் திரும்பினால் நோயாளி மீண்டும் வருவார். ரத்தம் எடுக்கச் சொல்வேன். டோட்டல் கவுண்ட் 15,000 என்று வரும். சாதாரண உச்சவரம்பு 11,000. “கிருமி ரத்தத்துல ஏறியிருக்குதுங்க” என்று சொல்லி, செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாளைக்கு எழுதுவேன். அந்த 15,000-ல் ஒரு பகுதி நானே உண்டாக்கியது. என் கைவேலையை நோய் என்று காட்டி அதற்கு மருந்தும் விற்றேன். லேப் என் கட்டடத்து மாடியில்தான் இருந்தது, வாடகையும் எனக்குத்தான் வந்தது.

அந்த லேபில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் வேலை பார்த்தாள். மெஷின் கொடுக்கும் எண்ணோடு நிற்காமல், கவுண்ட் அதிகமானால் ஸ்லைடு போட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு. ஒருநாள் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

“சார், கவுண்ட் பதினாறாயிரம் இருக்கு. ஆனா எல்லாம் முதிர்ந்த செல்லாத்தான் இருக்குங்க சார். இளசு ஒண்ணும் வரலை, டாக்சிக் கிரானுல்ஸும் இல்லை. ஈசினோபில் சுத்தமா இல்லை. ஸ்டீராய்டு ஏதாச்சும் போட்டிருக்குங்களா?”

அவள் சொன்னது பாடப்புத்தகப்படி சரி. கிருமித் தொற்று பலமாக இருந்தால் மஜ்ஜை அவசரத்தில் பக்குவப்படாத அணுக்களையும் அனுப்பும். அவற்றுக்குள் கருத்த துகள்கள் தெரியும். ஸ்டீராய்டு ஏற்றிய கவுண்டில் பெரும்பாலும் அவை இருக்காது. வெளியே கூட்டம் உட்கார்ந்திருந்தது, கதவு திறந்திருந்தது. “மெஷின் ரிப்போர்ட் போதும்மா, நீ ஸ்லைடெல்லாம் பார்த்து நேரத்தை வீணாக்காதே” என்றேன். பிறகு அவள் எதற்கும் கீழே இறங்கி வந்ததில்லை. சில மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான எச்சரிக்கை அது.

இனி அந்தத் தறிக்காரர். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர். பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டினார். சர்க்கரை உண்டு, மாத்திரையை நினைத்தால் போடுவார். முதுகுவலிக்கு என்னிடம் வருஷக்கணக்காக டெக்சா வாங்கியவர், அது டெக்சா என்று தெரியாமல். அவருக்கு அது ‘டாக்டர் ஊசி’. அந்த மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலோடு வந்தார். நான் நாக்கைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், போட்டேன். காலைக் காட்டச் சொல்லவில்லை. சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சல் என்றால் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஹவுஸ் சர்ஜனுக்கே தெரிந்த விஷயம்.

இரண்டாம் முறை அவராகவே காட்டினார். இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு வெடிப்பு. சுற்றிலும் லேசான சிவப்பு. அமுக்கிப் பார்த்தேன். “சீழ் இல்லீங்களே, தண்ணியாட்டந்தான் கசியுது” என்றார். “சீழ் வைக்கலைன்னா நல்லதுதான்” என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீழ் என்பது வந்து சேர்ந்து, சண்டையிட்டுச் செத்த நியூட்ரோபில்கள் அல்லாமல் வேறென்ன? சர்க்கரை அதிகமான ரத்தத்தில் அவற்றின் திறன் ஏற்கனவே குறைவு. அதற்கு மேல் நான் போட்ட மருந்து அவற்றைச் சுவரில் இறங்கவிடவில்லை. சீழ் இல்லாததைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். கோன்ஹைமின் தவளைச் சவ்வைக் காகிதத்தில் வரைந்து பேராசிரியரிடம் பாராட்டு வாங்கியவன், எதிரில் ஒரு மனிதப் பாதத்தை வைத்துக்கொண்டு அதை நல்ல சகுனம் என்றேன். மறுபடியும் ஒரு மில்லி போட்டேன். காய்ச்சல் இறங்கியது, வலி குறைந்தது, அவர் தறிக்குப் போய்விட்டார். வலி இல்லாததால் அந்தக் காலை ஊன்றியே நின்றிருக்கிறார்.

அடுத்து மகன் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுவந்தபோது வாசலிலேயே வாடை வந்தது. பாதி பாதம் கறுத்துவிட்டது. தோலை அழுத்தினால் நறநறவென்றது. சர்க்கரை 480. கவுண்ட் 24,000. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி ஆம்புலன்சில் ஏற்றினேன்.

அந்தக் கடிதம்தான் நான் சொல்ல வந்தது. நாள், நோயின் பெயர், காய்ச்சல் எப்போது தொடங்கியது, என்னென்ன ஆன்டிபயாடிக், எவ்வளவு பாராசிட்டமால், கவுண்ட் எவ்வளவு எல்லாம் எழுதினேன். டெக்சா எழுதவில்லை. மறக்கவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றது எனக்குத் தெரியும். அதை எழுதினால், படிக்கிற சர்ஜன் ஒரு புருவத்தை உயர்த்துவார் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. எழுதாததால் அவர்களுக்குத் தெரியாமல் போனவற்றை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஏன் அவ்வளவு ஏறியது, கவுண்டில் எவ்வளவு தொற்று, எவ்வளவு மருந்து. இவற்றைவிடப் பெரியது ஒன்று. வருஷக்கணக்காக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாங்கிய உடம்பின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். ஆபரேஷன் மேசையில் ரத்த அழுத்தம் விழுந்தால் காரணம் அதுவாக இருக்கலாம் என்று மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் கையில் வைத்திருப்பார். அந்த இரவு போன் செய்து சொல்லியிருக்கலாம். நம்பர் இருந்தது. செய்யவில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்.

கூடப் படித்த நண்பன் ஒருவனிடம் பாதியை மட்டும் சொன்னேன். “அந்தச் சர்க்கரைக்கு நீ ஊசி போட்டாலும் போடாட்டாலும் கால் போயிருக்கும்டா” என்றான். போயிருக்கலாம். சர்க்கரை நோயில் அப்படிப் போகும் கால்கள் ஏராளம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பல இரவுகள் தூங்கியிருக்கிறேன். ஆனால் கடிதத்துக்கு அது பதிலாகாது.

குடும்பத்தார் ஒரு தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். “நீங்க நேரத்துக்குப் பாத்து அனுப்புனதாலதானுங்க உசுரு மிஞ்சுச்சு” என்றார் அவர் மனைவி. மகன் காலில் விழப் போனான். தடுத்தேன். தடுத்துவிட்டு, “கடவுள் புண்ணியம்” என்றேன். பழத்தையும் வாங்கிக்கொண்டேன். ஊரில் என் கைராசிக் கதைகளோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

டெக்சாவை ஒரேயடியாகப் பழித்துவிட்டுத் தப்பிக்கவும் மனம் வரவில்லை. ஆஸ்துமா முற்றியவருக்கும், மாதம் நிறையாமல் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலுக்கும் அது செய்யும் உபகாரம் பெரியது. 2020-ல் இங்கிலாந்தில் ரெகவரி என்ற ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் சாவை நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சா குறைக்கிறது என்று காட்டியது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. செய்தியின் முதல் பாதி மட்டும் டிவி வழியே எங்கள் ஊருக்கு வந்தது. “அந்த ஊசியைப் போடுங்க சார்” என்று சாதாரணச் சளிக்கு வரிசை நின்றது. நான் மறுத்தேன். கால் போன சம்பவத்துக்குப் பிறகு காய்ச்சலுக்கு டெக்சா போடுவதை நிறுத்தியிருந்தேன். கூட்டம் எதிர்த் தெருவுக்குப் பாதி நகர்ந்தது. கைராசி போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நிறுத்தினேன் என்று மேலே எழுதியதும் முழு உண்மை இல்லை. போன ஐப்பசியில் என் மைத்துனன், மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் காய்ச்சலோடு வந்து, “மாமா, நாளைக்கு நான் மேடையில நிக்கோணும்” என்றான். போட்டேன். மறுநாள் முழுக்க அவன் சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்தான். மைத்துனனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் இத்தனை வருஷம் மாட்டிக்கொள்ளாததற்கும் அதுதான் காரணம்.

தறிக்காரர் இப்போது கட்டைக்காலோடு பட்டறை வாசலில் உட்கார்ந்து பாவு நூல் கணக்குப் பார்க்கிறார். பேரனுக்குச் சளி பிடித்தால் மகன் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன், பிறகு குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லி அனுப்புகிறேன். இந்தப் பத்திரிகை அவர்கள் பட்டறைக்கு வருகிறதா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொண்டேன். வருவதில்லை.